கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? – குழு லோன் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குழு லோன் கொடுக்கும் நிறுவனங்களின், சிறு நிதி வங்கிகளின் இயக்குநர்களுக்கும், அடுத்த இயக்குநர் யார் என்று முடிவு செய்கிற நியமனக் குழுவினருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நாள், என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கியதுமே ஒரு பெண் வந்து நின்றாள். பி.காம் முடித்தவள். அவள் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஃபீல்டு ஆபிசராக இருந்த காலத்தில் என் சென்டரில், அதாவது சில குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்து தவணை கட்டும் இடத்தில், குழுத் தலைவி. மகளுக்கு இப்போது அதே வேலைக்கு, வேறொரு நிறுவனத்தில் இன்டர்வியூ. கம்பெனியைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆண்டறிக்கையின் முதல் இருபது பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள். கறுப்பு வெள்ளை, பக்கம் இரண்டு ரூபாய்.

தாள் வெளியே வர வரப் படித்தேன். இயக்குநர்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நாலைந்து வரி. வெளிநாட்டு வங்கி ஒன்றில் இருபத்தைந்து ஆண்டு. ஆடிட்டர் நிறுவனத்தில் பங்குதாரர். முதலீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. பெரிய மேலாண்மைக் கல்லூரி, அதற்கு மேல் வெளிநாட்டில் ஒரு படிப்பு. "அண்ணா, இதுல யாராச்சும் ஃபீல்டுல ஆரம்பிச்சு மேல வந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். இன்டர்வியூவில் சொல்ல அவளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. இரண்டு தடவை புரட்டினேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இன்னும் நாலைந்து நிறுவனங்களின் அறிக்கைகளைப் பார்த்தேன். படங்கள் வேறு, அந்த நாலு வரிகள் ஏறக்குறைய அதேதான். கடன் கொடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டக் கற்றுக்கொண்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் 2014 முதல் 2023 வரை ஒன்பது ஆண்டு இந்த வேலையில் இருந்தேன். ஆறு ஆண்டு பைக்கில், மூன்று ஆண்டு கிளை மேலாளர் நாற்காலியில். திருவாரூர் மாவட்டத்து ஊர்கள். காலை ஏழு மணிக்கு முதல் சென்டர் மீட்டிங். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் வாசல். பாயில் ஐந்து ஐந்து பேராக உட்காருவார்கள். உறுதிமொழி சொல்லி முடித்ததும் குழுத் தலைவி பணத்தை எண்ணி, கார்டோடு சேர்த்து நீட்டுவார். என் டேப்லெட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை டிக் விழும். ஒருத்திக்கு இருநூறு ரூபாய் குறைந்தால் மீட்டிங் கலையாது. மற்ற நாலு பேரும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். பணம் சேரும்வரை நானும் எழுந்திருக்க மாட்டேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நவம்பர் மாதம், விடாத மழை. களையெடுப்பு இல்லை, நூறு நாள் வேலைக் கூலி ஏறவில்லை. அந்தச் சென்டரில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் கட்டினார்கள். கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்: மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அக்காவின் காதில் தோடு இல்லை, துடைப்பக் குச்சி செருகியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வேறொரு கம்பெனியில் முந்தின நாள் வாங்கிய லோனை அப்படியே கொண்டுவந்திருந்தார். நோட்டுக்கட்டில் வங்கிச் சீட்டுகூடப் பிரியவில்லை. இன்னொருவர் தண்டல்காரரிடம் வாங்கியிருந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களே சொன்னார்கள். டீ குடிக்கும்போது சொல்வார்கள். டேப்லெட்டில் அதற்கு இடம் கிடையாது.

அந்த மாதம் எங்கள் கிளையின் வசூல் 99 சதவீதத்துக்கு மேல். ரிவ்யூவில் எனக்குக் கைதட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. 99 என்ற எண் போர்டு அறைக்கு வரும்போது, வங்கியில் வளர்ந்தவர் 'கடன் நல்ல நிலையில் இருக்கிறது' என்று படிப்பார். மீதி ஒரு சதவீதம் ஏன் வரவில்லை என்று கேட்பார். பாயில் உட்கார்ந்து எழுந்தவர் அதே எண்ணைப் பார்த்து, 'மழை மாதத்தில் 99 எப்படி வந்தது, பணம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பார். எண் ஒன்றுதான், அதை வைத்து எழும் கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். எந்தக் கேள்வி எழும் என்பது, கேட்பவர் இருபது வருஷம் எங்கே வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது. வண்டி லோனில் வளர்ந்தவருக்கு ஈடு என்றால் வண்டி. கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கலாம். கிரெடிட் கார்டில் வளர்ந்தவருக்கு ஸ்கோர் என்று ஒன்று உண்டு. குழு லோனில் ஈடு எது? பக்கத்து வீட்டுக்காரி. அவள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற பயம். அந்த ஈட்டைத் தினம் தினம் பிடுங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாது.

பின்னணி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று சொன்னால் அது பொய். இந்தத் தொழிலின் பெரிய மனிதர்களைப் பாருங்கள். முகம்மது யூனுஸ் வங்கதேசத்துச் சிட்டகாங்கில் பொருளாதாரப் பேராசிரியர். 1976இல் ஜோப்ரா கிராமத்தில், யார் யாரிடம் எவ்வளவு கடன் என்று ஒரு பட்டியல் எடுக்க வைத்தார். 42 பேர், மொத்தம் 27 டாலர். கிராமீன் வங்கி பிறந்தது அந்தப் பட்டியலிலிருந்து. பந்தன் வங்கியைத் தொடங்கிய சந்திரசேகர் கோஷ் திரிபுராவில் மிட்டாய்க் கடைக்காரரின் மகன். டாக்காவில் புள்ளியியல் படித்து, பிராக் தொண்டு நிறுவனத்துக்காக வங்கதேசக் கிராமங்களில் திரிந்தவர். 2001இல் தொடங்கிய நிறுவனம் 2015இல் வங்கியாயிற்று. பெங்களூரில் உஜ்ஜீவனைத் தொடங்கிய சமித் கோஷ் சிட்டிபேங்க் ஆள். சென்னையில் 2007இல் ஈக்விடாஸைத் தொடங்கிய பி.என். வாசுதேவன் சோழமண்டலம் நிதி நிறுவனத்தில் பல வருஷம் இருந்தவர். பேராசிரியர், தொண்டு நிறுவனக்காரர், வெளிநாட்டு வங்கிக்காரர், நிதி நிறுவனக்காரர் என்று எல்லா வாசலிலிருந்தும் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள். வங்கிக்காரர் வரக்கூடாது என்று நான் சொன்னால், கணக்கு வழக்கு தெரியாமல் மூழ்கிப்போன சங்கங்களை நீங்கள் எடுத்துக் காட்டலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. விக்ரம் அகுலாவின் பின்னணியை எடுத்துக்கொள்ளுங்கள். தெலங்கானாவின் வறண்ட கிராமங்களில் தொண்டு நிறுவனத்தோடு வேலை, சிகாகோவில் முனைவர் பட்டம், நடுவே மெக்கின்சி ஆலோசனை நிறுவனம். கிராமம், படிப்பு, கார்ப்பரேட் மூன்றும் ஒரே ஆளிடம். இதைவிடப் பொருத்தமான நாலு வரியை எந்த நியமனக் குழுவாலும் எழுத முடியாது. அவர் தொடங்கிய எஸ்.கே.எஸ். என்ற குழு லோன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில், தற்கொலைச் செய்திகளுக்கும் கட்டாய வசூல் புகார்களுக்கும் நடுவே, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்த மாநிலத்தில் எல்லா நிறுவனங்களின் வசூலும் ஏறக்குறைய நின்றது. 2011 நவம்பரில் அவர் வெளியேறினார். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. கிராமத்தை அறிந்த ஒருவர் தலைமையில் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் எனக்கு இதில் தெரிகிறது. பங்குதாரர் அவரிடம் ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி எவ்வளவு என்று கேட்பார். பாயில் இருப்பவர் கேட்க அந்த மேசையில் ஒரு நாற்காலி இல்லை என்றால், கேட்கிற குரல் ஒன்றாகிவிடும்.

நாற்காலி போட்ட இடங்களும் இருக்கின்றன. கிராமீன் வங்கியின் போர்டில், இயக்குநர்களில் 9 பேரைக் கடன் வாங்கியவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அகமதாபாத்தில் வழக்கறிஞரான இளா பட் 1974இல் தொடங்கிய சேவா வங்கிக்கு முதல் போட்டவர்கள் 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய். நம் சென்னையில் ஜெயா அருணாச்சலம் கட்சி வேலையை விட்டு 1978இல் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். 1981இல் அதிலிருந்து ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. பூக்காரரும் இட்லிக் கடைக்காரருமாக இருந்த பெண்களே அதில் பொறுப்புக்கு வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பில் வங்கதேசத்தைப் பற்றி ஸ்லைடு இருந்தது, மயிலாப்பூரில் இருந்த இந்த மன்றத்தைப் பற்றி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மாண் தேசி கதை. மகாராஷ்டிரத்தில் மசவட் என்ற ஊர். சேதனா சின்ஹா அங்கே பெண்களுக்கென்று ஒரு வங்கி தொடங்க ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பித்தார். முன்னின்ற பெண்களுக்குக் கைநாட்டுத்தான், எழுதப் படிக்கத் தெரியாது என்று விண்ணப்பம் திரும்பிவந்தது. சில மாதம் எழுத்துப் படித்துவிட்டு அந்தப் பெண்களே அதிகாரிகள் முன்னால் போய் நின்றார்கள். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டி கேளுங்கள், கால்குலேட்டர் இல்லாமல் சொல்கிறோம். உங்கள் அதிகாரிகளையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். 1997இல் வங்கி வந்தது. கைநாட்டுக்காரருக்கு வட்டிக் கணக்குத் தெரியாது என்று நினைத்தவர்கள், மீட்டர் வட்டிக்கு ஒரு நாளும் வாங்கியிராதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, சட்டம் இடம் தருமா? தருகிறது. நீங்கள் வங்கியாக இருந்தால், 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஏ பிரிவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 1968இல் சேர்த்தது, வங்கி போர்டுகள் பெரிய தொழிலதிபர்களின் கையில் கிடந்த காலம். இயக்குநர்களில் 51 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்குக் கணக்கியல், பொருளாதாரம், சட்டம், கூட்டுறவு போன்ற துறைகளில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ இருக்க வேண்டும். அவர்களில் இருவருக்காவது அது வேளாண்மையிலோ ஊரகப் பொருளாதாரத்திலோ, கூட்டுறவிலோ, சிறுதொழிலிலோ இருக்க வேண்டும். 'தனி அறிவோ, நடைமுறை அனுபவமோ'. அந்த 'ஓ'வை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். நீங்கள் எப்போதும் முன்பாதியைப் படித்தே ஆள் தேடுகிறீர்கள். ஊரகப் பொருளாதாரத்தைக் கோப்பில் பார்த்தவர் கிடைக்கிறார். மூன்று மாடும் ஒரு குழு லோனும் வைத்துப் பதினைந்து வருஷம் ஊரகப் பொருளாதாரத்தை நடத்தியவரைப் பின்பாதி தாராளமாக உள்ளே விடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி வங்கி தன் இயக்குநருக்குக் கடன் கொடுக்கக்கூடாது. ஆகவே லோன் நடப்பில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட முடியாது. லோனை முடித்து, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் 'டிராப் அவுட்' என்று எழுதுவோம். கடனை முழுசாகக் கட்டிவிட்டு, இனி வேண்டாம் என்று நிமிர்ந்து போனவருக்கு எங்கள் ரிப்போர்ட்டில் வைத்த பெயர் அது.

களத்தில் தொடங்கி மேலே வந்தவர்களின் கதையும் இதுதான். ஃபீல்டு ஆபிசர், கிளை மேலாளர், ஏரியா மேலாளர். அதற்கு மேல் ஒரு படி, இரண்டு படி. அப்புறம் ஏணி சுவரில் முட்டும். மேல்மாடிக்கு ஆள் வேறு லிஃப்டில் வருவார்கள். நான் வேலையை விட்டதற்கு இது காரணம் இல்லை. காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது.

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் புது விதிமுறை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் நுண்கடன்; அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்குமாகச் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நல்ல விதி. யோசித்துப் போட்ட விதி. ஆனால் வருமானம் எவ்வளவு என்று யார் எழுதுவது? நாங்கள்தான். கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் மாத வருமானத்தை அவர் மனைவியிடம் கேட்டு, திண்ணையில் உட்கார்ந்து டேப்லெட்டில் போடுவோம். தவணை பாதியைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். கணவர் வருமானத்தில் இரண்டாயிரம் கூட்டினால் பச்சையாகிவிடும். அந்த மாத டார்கெட்டுக்கு இன்னும் எட்டு லோன் பாக்கி இருந்த ஒரு நாளில் நானே கூட்டினேன். ஒரு லோனுக்கு மட்டும் அல்ல. போர்டில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர்கள் அந்தக் கட்டங்களைப் பார்த்திருப்பார்கள்; எல்லாம் பச்சை. ஒரே ஊரில் பதினெட்டுக் கொத்தனார்களும் மாதம் சரியாகப் பதினான்காயிரம் சம்பாதிப்பது எப்படி என்று கேட்க, கொத்தனார் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே வேண்டும்.

நீங்கள் களத்துக்கு வராமல் இல்லை. என் கிளைக்கு ஒருமுறை இயக்குநர் ஒருவர் வந்தார். மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஓவர்டியூ இல்லாத சென்டராகப் பார்த்து வைக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர், ஒரு சால்வை. அவர் நல்ல மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார். "இந்த லோன் உங்க வாழ்க்கையை எப்படி மாத்துச்சு?" என்று கேட்டார், எங்கள் ஏரியா மேலாளர் தமிழில் சொன்னார். குழுத் தலைவி என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கோம் சார்" என்றார். போட்டோ எடுத்தார்கள். கார் போனதும், "எதுக்குத் தம்பி வந்தாரு அவரு?" என்று என்னைக் கேட்டார்.

அந்தம்மாவிடம் டியூவை எந்தக் கிழமை வைத்தால் கட்டத் தோது என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். பால் சொசைட்டிப் பணம் எந்த நாள் வரும், நடவுக் கூலி எப்போது கைக்கு வரும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் ஏன் எல்லோருக்கும் இழுக்கும், ஒரே தெருவில் நாலு கம்பெனி வந்தால் என்ன ஆகும் என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில். உங்கள் ரிஸ்க் கமிட்டிக்கு இந்தத் தகவல் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையாக வரும், இரண்டு காலாண்டு தாமதமாக.

ஆகவே என் கோரிக்கை இது. இப்படிப்பட்ட இருவரைப் போர்டில் சேருங்கள். ஒருவர் என்றால் வேண்டாம். தனியாக உட்கார்ந்தால் அவர் படத்துக்குத்தான் ஆவார், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார். இருவர் இருந்தால் ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவார். குழுவில் கற்ற பாடம் அது. ஒருவர் லோனை முடித்த குழுத் தலைவியாக இருக்கட்டும், இன்னொருவர் பைக்கில் சுற்றிய ஃபீல்டு ஆபிசராக இருக்கட்டும். போர்டுத் தாள்களைத் தமிழில் கொடுங்கள். கடன் ஒப்பந்தத்தையே கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டியவர்கள் நீங்கள், இதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். கணக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். மாண் தேசியில் சில மாதம் போதுமானதாக இருந்தது. ஒரு கூட்டத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அமர்வுக் கட்டணம் தரலாம் என்கிறது கம்பெனிச் சட்டம். மற்றவர்களுக்குத் தருவதை அவர்களுக்கும் தாருங்கள். முதல் சுற்று லோனே அவ்வளவு வராதே என்று அந்தம்மா சிரிப்பார், சிரிக்கட்டும்.

போர்டில் சேர்க்க இப்போதைக்கு மனமில்லை என்றால், குறைந்தபட்சம் ஆண்டறிக்கையில் அந்த நாலு வரியோடு ஐந்தாவதாக ஒரு வரி போடுங்கள்: இந்த ஆண்டில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் எத்தனை சென்டர் மீட்டிங்கில் உட்கார்ந்தார். எண்ணை மட்டும் போட்டால் போதும். பூஜ்ஜியமாக இருந்தாலும் போடுங்கள்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று தேடல் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் சாஃப்ட்வேரிலேயே இருக்கிறார்கள். ஐந்து சுற்று லோன் முடித்தவர், ஒரு நாளும் ஓவர்டியூ இல்லாதவர், குழுத் தலைவியாக இருந்தவர், இப்போது லோன் நடப்பில் இல்லாதவர் என்று நாலு நிபந்தனை கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். 'டிராப் அவுட்' பட்டியலில் தேட வேண்டும், மறந்துவிடாதீர்கள். போன் நம்பரும் அதிலேயே இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், வயலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஃபீல்டு ஆபிசர், இப்போது ஜெராக்ஸ் கடைக்காரர்,
திருவாரூர் மாவட்டம்